திருமண வரவேற்பில் மேசை அலங்காரம்: யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளுக்கு மேசை அலங்காரம் செய்து வருகிறேன். நாள் குறித்த பின்னர் பெற்றோரும் மணமக்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லி வரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டிலேயே அலங்காரத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கும், பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மேற்பார்வை செய்பவர்களுக்கும் இது உதவும்.

மேசை அலங்காரத்தை எதிலிருந்து தொடங்க வேண்டும்?

சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்த படங்களைக் காட்டி, நிறத்தையும் பூவையும் முதலில் பேசுவார்கள். நான் முதலில் கேட்பது, விருந்தினர் அந்த மேசையில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத்தான். வாழையிலை போட்டுப் பந்தி வைக்கப் போகிறீர்களா, விருந்தினர் தாமே எடுத்து வந்து உண்ணும் பஃபே முறையா, அல்லது பலகாரத் தட்டும் தேநீரும் மட்டும் வைக்கும் மாலை வரவேற்பா என்பதைப் பொறுத்து மேசையில் நமக்குக் கிடைக்கும் இடம் முற்றிலும் மாறிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மண்டபங்களில் இருக்கும் நீள் மேசையின் அகலம் ஏறத்தாழ 30 அங்குலம். இரு பக்கமும் ஆட்கள் இருந்து இலையில் உண்டால், ஒவ்வோர் இலையும் 12 அங்குல ஆழத்தைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சுவது நடுவில் 6 அங்குலப் பட்டி மட்டுமே. அந்தப் பட்டியில்தான் தண்ணீர்ப் போத்தலும் நிற்க வேண்டும். அங்கே பெரிய பூச்சாடியை வைத்தால், பரிமாறுபவர் குனிந்து சோற்றை வைக்கும்போது முதல் பந்தியிலேயே அது சரிந்துவிடும். இலைப் பந்திக்கு இரண்டு விரல் அகலத்தில் தொடுத்த சரமொன்றை நடுவே நீளமாக விடுவது போதும். இலையின் பச்சையே அங்கு முதன்மையான அலங்காரம். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கும்படி எல்லா இலைகளும் ஒரே ஒழுங்கில் விரிக்கப்பட்டால், பூவே இல்லாவிட்டாலும் அந்தப் பந்தி அழகாக இருக்கும்.

வட்ட மேசைகளுக்கு எத்தனை பேர், எந்த அளவு விரிப்பு?

5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேரும், 6 அடி மேசையில் 10 பேரும் வசதியாக இருக்கலாம். அப்போது ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 2 அடி இடம் கிடைக்கும். இன்னும் இருவர்தானே என்று 5 அடி மேசையில் 10 கதிரைகளை நெருக்கினால், சேலை உடுத்த பெண்கள் எழும்பவும் இருக்கவும் சிரமப்படுவார்கள்.

மேசையின் உயரம் 30 அங்குலம். எனவே 5 அடி மேசையில் விரிப்பு நிலம் வரை விழ வேண்டுமானால் அதன் விட்டம் 120 அங்குலமாக இருக்க வேண்டும். படங்களில் அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் நமது மண்டபங்களில் பந்திக்குப் பந்தி நிலத்தைக் கழுவித் துடைப்பதால், நிலத்தைத் தொடும் விரிப்பின் ஓரம் இரண்டாம் பந்தியிலேயே ஈரமாகிக் கறுத்துப் போகிறது; வயதானவர்களின் காலும் அதில் சிக்குகிறது. ஆகவே 108 அங்குல விரிப்பையே நான் பரிந்துரைக்கிறேன். அது 24 அங்குலம் தொங்கி, நிலத்திலிருந்து 6 அங்குலம் மேலே நின்றுவிடும். வாடகைக்கு எடுக்கும்போது விரிப்பை ஒருமுறை விரித்துக் காட்டச் சொல்லி, கறி மஞ்சள் கறை இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்விளக்கின் கீழ் மஞ்சள் கறை தெரிவதில்லை.

நடுவில் வைக்கும் அலங்காரம் எவ்வளவு உயரம் இருக்கலாம்?

எதிரே இருப்பவரின் முகம் மறையக்கூடாது என்பதே விதி. இருந்த நிலையில் கண் மட்டம் மேசையிலிருந்து ஏறத்தாழ 15 அங்குலத்துக்கு மேலே வரும். ஆகவே 12 அங்குலத்துக்குள் அடங்கும் தாழ்ந்த அலங்காரமாகச் செய்யுங்கள். உயரமாகத்தான் வேண்டும் என்றால், மெல்லிய தண்டுள்ள தாங்கியில் பூக்கள் 24 அங்குலத்துக்கு மேலே தொடங்கும்படி செய்யுங்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் எதுவும் வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒரு திருமணத்துக்கு வருபவர்களில் பலர் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒருவரையொருவர் காண்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த சித்தியும் ஊரிலேயே இருந்த அக்காவும் எதிரெதிரே இருந்து பேசும்போது, நடுவிலிருந்த பூச்சாடியைத் தூக்கிக் கதிரைக்குக் கீழே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாடியை ஒழுங்குபடுத்தியவள் நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரி மேசையிலும் நானே ஒரு கதிரையில் இருந்து, எதிரே ஒருவரை இருத்தி, முகம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே மற்ற மேசைகளைத் தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பூக்களை நம்பலாம்?

மல்லிகை, முல்லை, செவ்வந்தி, கனகாம்பரம், நந்தியாவட்டை ஆகியவை இங்கேயே கிடைப்பவை. இவற்றில் மேசைக்கு மிகப் பொருத்தமானது மல்லிகை என்பது என் எண்ணம், ஆனால் அதன் பழக்கத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும். மல்லிகை மொட்டு மாலைக்கருக்கலில் விரியத் தொடங்கும். வரவேற்பு மாலை 6 மணிக்கு என்றால், பகலில் பறித்த மொட்டுகளை வாழைநாரில் தொடுத்து, ஈரத்துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து நிழலில் வைத்திருந்து, ஐந்தரை மணிக்கு மேசையில் விடுங்கள். விருந்தினர் வந்து இருக்கும்போது மொட்டுகள் அவர்கள் கண்முன்னே விரியும். காலையிலேயே மேசையில் வைத்த மல்லிகை மாலைக்குள் பழுப்பேறிப் போயிருக்கும். அதேவேளை, மணம் மிகுந்த பூ உணவின் மணத்தோடு மோதும் என்பதால், சாப்பாட்டு மேசைக்கு ஒரு மேசைக்கு 3 அல்லது 4 முழத்துக்கு மேல் வேண்டாம். வெயில் காலத்தில் தாராளமாகக் கிடைக்கும் மல்லிகை, மாரி மழையிலும் தை மாதப் பனியிலும் குறைந்துவிடும். அக்காலத்துக்குச் செவ்வந்தியைத் திட்டமிடுங்கள். செவ்வந்தி நல்ல தண்ணீரில் பல நாள் நிற்கும்.

தாமரையைப் பலரும் விரும்புகிறார்கள். தாமரை காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும் பூ. மாலை வரவேற்புக்கு அதை இயல்பாக விரிந்த நிலையில் வைக்க முடியாது. வெளியிதழ்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் உள்நோக்கி மடித்து, அடுத்த வரிசையையும் அவ்வாறே மடித்தால் மொட்டு ஒரு கிண்ணம் போல ஆகிவிடும். 10 மொட்டுகளை மடித்துப் பழகினால் கை வந்துவிடும்.

ரோசா, கார்னேசன், ஜெர்பெரா போன்றவை மலையகத்துக் குளிரில் வளர்ந்து, கொழும்பு வழியாகவோ நேராகவோ இரவுப் பயணத்தில் இங்கு வருகின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வந்திறங்கிய பூவை உடனே சாடியில் வைத்தால் அது தலை தொங்கிவிடும். தண்டின் அடியில் ஓர் அங்குலத்தைத் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக வெட்டி, நீர்மட்டத்துக்குக் கீழ் வரும் இலைகளைக் கழற்றி, ஆழமான வாளியில் காற்றுப் படாத இருண்ட அறையில் 4 மணி நேரமாவது வைக்க வேண்டும். ஆகையால் வெளியூர்ப் பூ திருமணத்துக்கு முதல்நாள் காலையில் கையில் இருக்க வேண்டும். திருமண நாள் காலையில் வரும் பேருந்தை நம்பி இருப்பது ஆபத்து.

ஆவணி மாதத்தில் திருமணம் வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாட்கள் நடந்து ஆவணி அமாவாசையோடு நிறைவுறும். அந்நாட்களில் பூவுக்குக் கோவில்களே முதல் உரிமையாளர்கள். முன்கூட்டியே சொல்லி வைக்காதவர்களுக்கு மல்லிகை கிடைப்பது கடினம்.

சாப்பாட்டு மேசையில் வைக்கக்கூடாத பூக்கள் உண்டா?

உண்டு. அலரியும் மஞ்சள் அலரியும் நச்சுச் செடிகள். அவற்றின் பால் கையில் பட்டு உணவில் கலக்க வாய்ப்புள்ளது. கார்த்திகைப்பூவும் அப்படித்தான், கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு நஞ்சு அந்தச் செடியின் எல்லாப் பாகங்களிலும் இருக்கிறது. சிறு பிள்ளைகள் பூவைப் பிய்த்து வாயில் வைப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம். கொன்றை நஞ்சு என்பதற்காக அல்ல, இதழ் கொட்டும் என்பதற்காகவே சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் அது பூத்துக் குலுங்கும்போது வாசல் வளைவுக்கும் மேடைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பூ வைக்கலாமா?

கிணற்றைப் பொறுத்தது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால் நமது கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. கரையோர ஊர்களில், அதிலும் கோடையில், உவர்ப்பும் ஏறிவிடும். உவர் நீரில் வைத்த ரோசா அரை நாளில் வாடும். வாயில் விட்டால் உப்புத் தெரிகிற தண்ணீரைப் பூவுக்கு விடவேண்டாம். மழைநீர் சேமித்திருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் குடிநீராக வாங்கும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சீனியும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டால் பூ இன்னும் சிறிது நேரம் தாங்கும்.

கடின நீர் கண்ணாடிச் சாடிகளில் வெள்ளைப் படலத்தை விட்டுச் செல்லும். விருந்துக்கு முன் சாடிகளை வெட்டிய எலுமிச்சம்பழத்தால் தேய்த்து, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் அது நீங்கிவிடும்.

பூக்களைக் குத்தி வைக்கும் பச்சை நுரைக்கட்டி அவசியமா?

அவசியமில்லை, நான் அதை விட்டுவிட்டேன். அது மண்ணில் உக்காத பொருள்; நொறுங்கினால் பொடிப்பொடியாகத் தண்ணீரில் கலந்து எங்கோ போய்ச் சேரும். அதற்குப் பதிலாக நம் ஊரில் வாழைக்குற்றி இருக்கிறது. குலை வெட்டிய வாழையின் தண்டிலிருந்து 4 அங்குலத் துண்டுகளாக அறுத்து எடுத்தால், ஒவ்வொரு துண்டும் தன்னுள் நீரை வைத்திருக்கும். ஈர்க்கில் போன்ற விறைப்பான தண்டுகளை நேராகக் குத்தலாம், மென்மையான தண்டுகளுக்கு முதலில் ஈர்க்கிலால் துளையிடலாம். நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டிய பின் குற்றிகள் தாராளமாகக் கிடக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு, அதை நான் நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் வாழைக்குற்றி பயன்படுத்திய திருமணத்தில், அறுத்த துண்டுகளை நேராக வெள்ளை விரிப்பின் மேல் வைத்துவிட்டேன். வைக்கும்போது நிறமற்ற நீராகத்தான் கசிந்தது. இரவு மேசைகளைக் கலைத்தபோது, ஒவ்வொரு விரிப்பின் நடுவிலும் கபில நிற வட்டம் ஒன்று பதிந்திருந்தது. வாழைக்கயர், அதாவது வாழையிலிருந்து கசியும் சாறு, துணியில் பட்டால் போகாது என்பது சிறு வயதிலிருந்தே தெரிந்த செய்தி; சட்டையில் கயர் பட்டதற்கு அம்மாவிடம் ஏச்சு வாங்காத பிள்ளை இங்கே இல்லை. இருந்தும் வேலை அவசரத்தில் மறந்துவிட்டேன். வாடகைக்கு எடுத்த 22 விரிப்புகளுக்கும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது குற்றியை முதல்நாளே அறுத்து, வெட்டுமுகத்தை மேல்நோக்கி வைத்து, இரவு முழுதும் கயரை வடியவிட்டு, மறுநாள் கழுவித் துடைத்து, பித்தளைத் தட்டிலோ மண் சட்டியிலோ வைத்த பின்னரே மேசைக்குக் கொண்டுவருகிறேன்.

வாழையிலை, தென்னோலை, பனையோலை ஆகியவற்றை மேசையில் எப்படிப் பயன்படுத்துவது?

மூன்றுக்கும் மூன்று குணம். வாழையிலை வாடும், தென்னங்குருத்து ஒரு நாள் நிற்கும், பனையோலை ஆண்டுக்கணக்கில் நிற்கும். இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொண்டால் எதை எப்போது செய்வது என்பது தானாகத் தெளிவாகும்.

வாழையிலையை மேசையின் நடுவே நீளமாக விரித்து அதன்மேல் பூவும் விளக்கும் வைப்பது அழகானது, ஆனால் மின்விசிறியின் கீழ் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓரம் சுருண்டுவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து கடைசி அரை மணி நேரத்தில் விரியுங்கள். மடிப்பு வேலைகளுக்கு இலையை நெருப்பில் இலேசாக வாட்டினால் கிழியாமல் வளையும். வாழைத்தடல், அதாவது வாழைத்தண்டைச் சுற்றியிருக்கும் மடல், இன்னும் நல்லது: ஓர் அடி நீளத்துக்கு வெட்டிய தடல் இயல்பாகவே தோணி போல வளைந்திருக்கும், அதற்குள் சிறிது நீர் விட்டுச் செவ்வந்தித் தலைகளை அடுக்கினால் அதுவே பூந்தட்டு. அடியில் ஒரு துண்டு வாழையிலையும் அதன் கீழ் எண்ணெய்த்தாளும் இருக்கட்டும், கயர்ப் பயம் இங்கும் உண்டு.

தென்னங்குருத்தில் பின்னும் கிளி, மணி, பூ முதலியவற்றை மேசை ஓரங்களில் தொங்கவிடலாம். தோரணம் பின்னும்போது மட்டும் கவனம் தேவை. மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகளும் அமங்கலத் தோரணத்தில் மூன்று குருவிகளும் வரும்படி பின்னுவது நம் மரபு. பயிற்சியில்லாத இளையவர்கள் காணொளிப் பதிவைப் பார்த்துப் பின்னியிருந்தால், தொங்கவிடுவதற்கு முன் ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் காட்டுங்கள். திருமண வீட்டுக்கு வரும் பெரியவர்களின் கண் முதலில் போவது அங்கேதான்.

பனையோலைக்கு நான் தனி இடம் கொடுப்பேன். சார்வோலையில் (இளம் பனையோலையில்) இழைத்த சிறு தட்டுகளும் பெட்டிகளும் இரண்டு மாதங்களுக்கு முன்பே சொல்லிச் செய்விக்கலாம். சாயமிட்டதும் கிடைக்கும், சாயமிடாத இளமஞ்சள் நிறம் எந்த விரிப்போடும் சேரும். பலகாரத் தட்டாகவும், வெற்றிலைத் தட்டாகவும், விருந்தினருக்குக் கையில் கொடுக்கும் பரிசாகவும் அவை பயன்படும். பனங்கட்டிக் குட்டான் (சிறு ஓலைப்பெட்டியில் வார்த்த பனைவெல்லம்) ஒன்றை ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால் வைத்தால், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள், பக்கத்தில் இருக்கும் அப்பம்மா சொல்லத் தொடங்குவார். அதைவிட நல்ல மேசை அலங்காரம் எனக்குத் தெரியாது.

செயற்கைப் பூக்களை வைத்தால் குறையா?

உயரத்தில், கை எட்டாத இடத்தில், துணியில் செய்த நல்ல செயற்கைப் பூ வைப்பதில் குறையில்லை. விருந்தினரின் கைக்கும் கண்ணுக்கும் அருகில் இருக்கும் மேசையில் உண்மையான பூவே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்து மேசைக்கு ஒரு கூடை என்றாலும் அது உயிருள்ள பூவாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை சட்டமும் இருக்கிறது: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் மாலைகளும் இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

வாசலில் நிறைகுட மேசையை எப்படி அமைப்பது?

இந்த ஒரு மேசையில் அலங்காரம் முறைக்குக் கட்டுப்பட வேண்டும். தலைவாழை இலை விரித்து, அதன்மேல் நெல் அல்லது பச்சரிசி பரப்பி, நீர் நிறைந்த குடத்தை வைத்து, வாயில் மாவிலைகளைச் செருகி, நடுவில் முடித்தேங்காயை இருத்துகிறோம். இரு புறமும் குத்துவிளக்கு. முன்னால் விபூதி, சந்தனம், குங்குமம், வெற்றிலை, பாக்கு, பழம், பூ. வரவேற்பதற்குரிய பன்னீர்ச்செம்பும் கற்கண்டுத் தட்டும் பக்கத்தில் தனியாகச் சிறு மேசையில் இருப்பது நல்லது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், சந்தனம் எடுக்க நீளும் கைகள் விளக்குச் சுடருக்கு மேலாகப் போகும். பட்டுச் சேலையின் முந்தானையும் அப்படியே போகும்.

குத்துவிளக்கின் கீழே பித்தளைத் தட்டு வையுங்கள், எண்ணெய் கசியாத விளக்கு மிகக் குறைவு. மேசைக்கு நேர் மேலே சுழலும் விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆராத்தித் தட்டுக்கும் இம்மேசையின் பின்புறத்தில் இடம் ஒதுக்குங்கள். மூன்று வாழைப்பழத் துண்டுகளில் திரி செருகி ஆயத்தமாக மூடி வைத்திருந்தால், மணமக்கள் வாசலில் நிற்கும்போது திரி தேடி ஓட வேண்டியிராது.

குடம், செம்பு, விளக்கு எல்லாவற்றையும் முதல்நாள் பழப்புளியால் துலக்கிவிடுங்கள். துலக்கிய பித்தளையைப் பெருவிரல் படாமல் துணியால் பிடித்து எடுத்து வைத்தால் மறுநாளும் அதே பளபளப்பு இருக்கும். நன்றாகத் துலக்கிய ஒரு பித்தளைக் குடத்துக்கு முன்னால் வாடகைக்கு எடுத்த பொன்னிறச் சாடி எதுவும் நிற்காது.

மேசைகளில் மெழுகுதிரி ஏற்றலாமா?

குளிரூட்டப்பட்ட மண்டபத்தில், உயர்ந்த கண்ணாடிக் குவளைக்குள் ஏற்றலாம். விசிறி சுழலும் மண்டபத்தில் சுடர் நிற்காது, மெழுகு ஒரு பக்கமாக உருகி விரிப்பில் வழியும். அங்கே மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகளைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் வைத்து, மேலே இரண்டு செவ்வந்தியை மிதக்கவிடுங்கள். மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி தொடங்கும் இடைவெளியிலும் அவை எரிந்துகொண்டிருக்கும்.

எந்த நிறங்கள் பொருந்தும்?

மணமகளின் கூறைச்சேலையோடு முழுவதும் ஒத்துப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூறை சிவப்பு, மேசையும் சிவப்பு, மேடையும் சிவப்பு என்றால் படத்தில் மணமகள் தனித்துத் தெரியமாட்டார். விரிப்பு சந்தன நிறமாகவோ இளமஞ்சளாகவோ இருந்து, சிவப்பு நடுப்பட்டியிலும் பூவிலும் மட்டும் சிறிதளவு வருவது நல்லது. தனி வெள்ளை விரிப்பும் வெள்ளைப் பூவும் மட்டும் வேண்டாம். அது நம்மவர்களுக்குச் செத்தவீட்டை நினைவூட்டும். வெளிநாட்டில் வளர்ந்த மணமக்கள் அதையே விரும்பினால், மாவிலைப் பச்சையும் மஞ்சள் செவ்வந்தியும் கொஞ்சம் கலந்தால் இரு தரப்பும் மனநிறைவு அடையும். கறுப்பைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் மனம் நோகும் என்பதால் நான் அதை ஏற்றுச் செய்வதில்லை.

கிறிஸ்தவத் திருமணத்தில் கேக் மேசையை எப்படி அலங்கரிப்பது?

தேவாலயத்தில் நடந்த திருமணத்தின் வரவேற்பில் கேக் மேசைதான் நடுநாயகம். சைவக் குடும்பங்களும் மாலை வரவேற்பில் கேக் வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேக்கைத் தொடும் பூக்கள் மருந்தடிக்காதவையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய ரோசாவின் தண்டை நேராகக் கேக்கில் குத்தாமல், எண்ணெய்த்தாளில் சுற்றிச் செருகுங்கள். சித்திரை வெயிலில் மூடிய மண்டபத்தின் வெக்கை ஐசிங்கை இளக்கிவிடும். மேசையைச் சாளரத்தின் வெயிலுக்கும், மேடை விளக்குகளின் சூட்டுக்கும் எட்டாத இடத்தில் போடுங்கள். விருந்தினருக்குக் கொடுக்கும் கேக் துண்டுப் பெட்டிகளை இம்மேசையில் குவிக்காமல் வாசலருகே பனையோலைக் கடகத்தில் அடுக்கி வைத்தால், எடுத்துக் கொடுப்பதும் எளிது, பார்ப்பதற்கும் இனிது.

மேசைகளில் விருந்தினரின் பெயர் அட்டை வைக்க வேண்டுமா?

நமது வழக்கத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பது அன்றுதான் தெரியும். ஆளுக்கு ஆள் பெயர் அட்டை வைத்தால், பெயர் இல்லாதவர் முகம் வாடி நிற்பார். மணமக்களின் அப்பப்பா அம்மம்மா உறவு முறையில் மூத்தவர்கள், மாமன்மார், தோழன் தோழி ஆகியோருக்கு மேடைக்கு அருகில் மூன்று நான்கு மேசைகளை ஒதுக்கி, அவற்றுக்குச் சற்றுக் கூடுதலான பூ வைத்தால் போதும். அட்டை இல்லாமலே அந்த வேறுபாடு புரியும். வயதானவர்களின் மேசை ஒலிபெருக்கிக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்கிறோம். காற்றும் மழையும் வந்தால்?

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) வீசும். அக்காலத்தில் முற்றத்து மேசைகளில் தாழ்ந்த, பாரமான அலங்காரமே நிற்கும்: மண் சட்டி, பித்தளைச் செம்பு, நீர் நிறைந்த உருளி. விரிப்பின் நான்கு மூலைகளிலும் உட்புறமாகச் சிறு துணிப்பையில் மணலிட்டுத் தைத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் முற்றத்து வரவேற்பே வேண்டாம் என்று நான் நேரடியாகச் சொல்லிவிடுவேன். நாள் அப்படித்தான் அமைந்தது என்றால், கூரைத் தகட்டின் விளிம்பிலிருந்து மேசைகளை 3 அடி உள்ளே தள்ளிப் போடுங்கள்.

செலவைக் குறைத்துக்கொண்டு அழகாகச் செய்ய முடியுமா?

முடியும். எல்லா மேசைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூவைப் பரப்புவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. நிறைகுட மேசை, மணமக்களின் மேசை, மூத்தவர்களின் மேசைகள் ஆகியவற்றில் நிறைவாகச் செய்துவிட்டு, மற்ற மேசைகளில் ஒரு செம்பு, அதில் ஒரு கொத்து மாவிலை, மூன்று செவ்வந்தி என்று ஒரே மாதிரியாக வையுங்கள். 30 மேசைகளில் ஒரே எளிய பொருள் ஒழுங்காக நிற்பதே ஓர் அழகு. வீட்டுத் தோட்டத்துக் குரோட்டன் இலைகள், தென்னம்பாளை, கமுகம்பூ, ஒரு தட்டில் எலுமிச்சம்பழம், ஒரு சீப்புக் கதலி ஆகிய எல்லாம் பூவுக்கு ஈடாக நிற்கும். தென்னம்பாளையை அன்று காலையில் விரித்தால் அதன் பொன்னிறத்துக்கு நிகரில்லை.

எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவை?

300 விருந்தினருக்கு 8 பேர் வீதம் 38 மேசைகள். விரிப்பு, நடுப்பட்டி, பூ, தண்ணீர் என்று மேசை ஒன்றுக்கு 10 நிமிடம் என்றால், ஒருவருக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நால்வர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். காலையில் தாலிகட்டும் மாலையில் வரவேற்பும் ஒரே மண்டபத்தில் என்றால், மதியப் பந்தி முடிந்து நிலம் காய்வதற்கே ஒரு மணி நேரம் போய்விடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணமக்களின் உடன்பிறந்தோரை இந்த வேலையில் ஈடுபடுத்தாதீர்கள். அவர்களும் உடுத்து ஆயத்தமாக வேண்டும்.

முடிந்த பிறகு என்ன செய்வது?

நல்ல நிலையிலுள்ள பூக்களை வீட்டுக்குப் போகும் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். வாழைக்குற்றியும் இலையும் மாட்டுக்குப் போகும், அல்லது தோட்டத்துப் பசளைக் குழிக்குப் போகும். கம்பி, குண்டூசி எதுவும் அவற்றில் ஒட்டியிருக்கவில்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், மாட்டின் வயிற்றுக்குள் குண்டூசி போனால் அது அந்த வீட்டுக்காரருக்குப் பேரிழப்பு.

அயல் வீடுகளில் இரவல் வாங்கிய செம்பு, குத்துவிளக்கு, தாம்பாளம் ஆகியவற்றில்தான் அதிகக் குழப்பம் வரும். எல்லாம் ஒரே பித்தளை, எல்லாம் ஒரே வடிவம். வாங்கும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல் என்று வைத்து, பொருளின் அடிக்கழுத்தில் கட்டி, எந்த நிறம் எந்த வீடு என்று கொப்பியில் எழுதிவிடுங்கள். கலைக்கும்போது நூலைக் கழற்றாமல், கழுவித் துடைத்து, நூலோடேயே கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்ட பின் அவர்களே கழற்றட்டும்.